அபெசா, ஹபெஷா, அபிசீனியா

வாசிங்டன் நகரிலோ, 2002இல் 'சிறு எத்தியோப்பியா' என்று நகராட்சியே பெயர் சூட்டிய லாஸ் ஏஞ்சலஸின் ஃபேர்ஃபாக்ஸ் தெருப்பகுதியிலோ நடப்பவர், உணவகத்துள் புகுந்து இஞ்செரா அப்பத்தைப் பிய்க்கும் முன்பே வாசலில் ஒரு விருந்து உண்ணலாம். சொல்லன்பருக்குப் பெயர்ப்பலகைதானே முதற்பந்தி! ஆக்சும், லாலிபெலா என்று ஊர்ப்பெயர் தாங்கிய பலகைகள் தம்மைத் தாமே விளக்கிக்கொள்ளும். நின்று படிக்க வேண்டியவை வேறு மூன்று: எத்தியோப்பியா, அபிசீனியா, ஹபெஷா. இம்மூன்றும் ஒரே மக்களைச் சுட்டுவன; ஆனால் மூன்று சொற்கள் அல்ல, இரண்டே.

எத்தியோப்பியா கிரேக்கச் சொல். 'எரி' எனப் பொருள்படும் வினையும் 'முகம்' என்னும் பெயரும் கூடிய அது, வெயிலில் கருகிய முகத்தார் என்று அயலார் கண்டு இட்ட பெயர். ஓமரின் காப்பியங்களிலேயே அது வருகிறது; ஆனால் பண்டைக் கிரேக்கர் அதனால் பெரும்பாலும் சுட்டியது எகிப்துக்குத் தெற்கே நைல் கரையில் இருந்த நூபிய நாட்டை. பெயர் தெற்கு நோக்கி நகர்ந்து இன்றைய நாட்டில் வந்து தங்கியது பின்னர்தான்.

ஹபெஷாவின் கதை வேறு. செங்கடலின் எதிர்க்கரையான தென்னரபு நாட்டில், கி.பி. 3ஆம் நூற்றாண்டளவில் வெட்டிய கல்வெட்டுகளில், உயிரொலி எழுதாத அவர்தம் வழக்கப்படி, ஹ-ப-ஷ-த என்னும் நான்கு மெய்களாக அது நிற்கிறது. கடைசித் தகரம் கூட்டப்பெயரின் ஈறு. 4ஆம் நூற்றாண்டில் ஆக்சும் மன்னன் எசானா தன் பட்டங்களை நாட்டின் பண்டை மொழியான கீஸிலும் கிரேக்கத்திலும் பொறித்தபோது, கீஸில் 'ஹபஷத்' என நின்ற இடத்தில் கிரேக்கத்தில் எத்தியோப்பியரைக் குறிக்கும் சொல் நிற்கிறது. அயலார் இட்ட பெயரும் மண்ணில் வழங்கிய பெயரும் ஒரே அரசனின் பட்டத்தில் ஒன்றுக்கொன்று ஈடாக நின்ற அந்த இடம், இவ்விரு சொற்களின் திருமணப் பதிவேடு எனலாம்.

அரபு அகராதியாளர் ஹ-ப-ஷ வேருக்குத் 'திரட்டு, கூட்டு' என்ற பொருளைக் காட்டிப் பல குலம் கலந்த மக்கள் என விளக்குவர். விளக்கம் இனிக்கிறது; எனினும் கல்வெட்டுச் சான்று அவ்வகராதிகளுக்குப் பல நூற்றாண்டு மூத்தது என்பதால், வேர் இதுவே என்று அறுதியிட அது போதாது. அரபில் நாடு 'அல்-ஹபஷா', ஆள் 'ஹபஷி'. நபிகளின் தோழர் பிலால் 'அல்-ஹபஷி' என அழைக்கப்பெற்றது இதனால்தான்.

ஹபஷி அங்கிருந்து இரு திசையில் கப்பலேறியது. கிழக்கே பாரசீகத்தின் வழி இந்தியாவுக்கு வந்து 'ஹப்ஷி' ஆயிற்று. அடிமையாக விற்கப்பட்டுத் தக்காணம் வந்து அகமதுநகர் அரசையே தன் கையில் வைத்திருந்த மாலிக் அம்பர் ஒரு ஹப்ஷி. ஐதராபாத்தின் ஹப்சிகூடா, ஹப்ஷியர் குடியிருப்பு என்ற பொருளில் தெலுங்கு ஈறு பெற்றது. காலப்போக்கில் நாட்டுப்பெயர் நிறப்பெயராகத் தேய்ந்தது. பழைய தில்லியின் கருநிற 'ஹப்ஷி அல்வா'வில் எத்தியோப்பியா இல்லை, கருமை மட்டுமே உண்டு.

மேற்கே சென்ற சொல் போர்த்துகீசியர் நாவில் 'அபெஷிம்' ஆனது. ஹகரம் அங்கேயே உதிர்ந்தது. இலத்தீன் மொழிக்கு மாறியபோது ஷகரம் சகரமாகி, நாட்டுப்பெயர் ஈறு சேர்ந்து, 'அபிசீனியா' பிறந்தது. நபிகளின் தோழர்கள் அடைக்கலம் தேடிச் சென்ற நாட்டைத் தமிழ் முசுலிம்கள் அபிசீனியா என்று எழுதும்போது, அரபு வரலாற்றுக்கு ஐரோப்பாவைச் சுற்றிவந்த பெயரை இடுகிறார்கள். இப்போது தெருவுக்குத் திரும்புவோம்: ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் 'ஹபெஷா' உணவகமும் 'அபிசீனியா' உணவகமும் ஒரே சொல்லின் இரு வேடங்கள்.

இன்றைய வழக்குக்கு வருவோம். எரித்திரியா 1993இல் எத்தியோப்பியாவிலிருந்து பிரிந்து தனிநாடானது. 1998இல் இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. ஆனால் புளித்த தெஃப் தானிய மாவின் அதே அப்பத்தை அம்காரி மொழியார் இஞ்செரா என்றும் திக்ரின்யா மொழியார் தைத்தா என்றும் சொல்லி உண்கின்றனர். எனவே புலம்பெயர் நகரில் இருசாராரையும் அழைக்க விரும்பும் கடைக்காரருக்கு நாட்டுப்பெயரைவிட ஹபெஷா உதவுகிறது. மேட்டுநிலத்து மக்களின் பெயராக வளர்ந்த இச்சொல்லுக்குள் ஒரோமோ முதலிய தென்பகுதியார் பலர் தம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வாசிங்டனில் அது விரிகிறது, அடிஸ் அபாபாவில் சுருங்குகிறது.

உள்ளே அமர்ந்ததும் 'பெயாய்நெத்து' கேளுங்கள். 'ஒவ்வொரு வகையிலும்' என்பது அதன் பொருள். பருப்பு, கீரை, முட்டைக்கோசு, கடலைமாவுக் குழம்பான ஷிரோ எல்லாம் ஒரே இஞ்செராமேல் தனித்தனிக் குவியலாக வரும். புதனும் வெள்ளியும் ஊனும் பாலும் விலக்கும் எத்தியோப்பியத் திருச்சபையினரின் நோன்புணவு இது. அகராதியார் ஹபஷாவுக்குச் சொன்ன 'கூட்டு' என்ற பொருள், வேரில் உறுதிப்படாவிட்டாலும் தட்டில் மெய்த்துவிடுகிறது.

பரிமாறுபவரின் வாயையும் கவனியுங்கள். கீஸ் எழுத்தில் ஹகர வகை மூன்று. அம்காரி பேச்சில் மூன்றும் ஓரொலியாயின, நம் நகரமும் னகரமும் எழுத்தில் இரண்டாய், பேச்சில் ஒன்றாய் நிற்பதுபோல. அந்த ஓரொலியும் பலர் நாவில் உதிர, ஹபெஷா 'அபெஷா' ஆகிறது. அப்படியே எழுதவும் எழுதுகிறார்கள். ஹனுமானை அனுமன் ஆக்கிய தமிழ்ச்செவிக்கு இது அயலன்று. ஆகவே ஹகரம் எழுதத் தயங்கும் தமிழ் அன்பர் 'அபெசா' என்றே எழுதலாம். பெயருக்கு உரியவர்களில் பலரே நமக்கு முன்பே அந்த ஹகரத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.