நெமோ கண்ட முத்துக்குளிப்பு

விஞ்ஞானக் கதைகளில் ஈடுபாடுள்ள பெற்றோர் தம் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டும் நூல்களுள் ஒன்று, பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய நீர்மூழ்கிக் கப்பல் கதை. குடும்பத்தார் கூடிப் படிப்பதற்கென்றே பாரிஸில் நடத்தப்பட்ட ஓர் இதழில் 1869-70ஆம் ஆண்டுகளில் அது தொடராக வெளிவந்தது. கீழக்கரையிலோ பாம்பனிலோ ஒரு வீட்டில் இக்கதையை வாசித்தால், பாதி வழியில் குழந்தை நிமிர்ந்து உட்காரும். ஏனெனில், காப்டன் நெமோவின் 'நாட்டிலஸ்' கப்பல் அப்போது மன்னார் வளைகுடாவுக்கு வந்து சேர்கிறது. "இதெல்லாம் உண்மையா, அப்பா?" என்ற கேள்வியும் கூடவே எழும். அதற்கு விடை தேடுவோம்.

கதையில் நெமோவும் தோழர்களும் இலங்கைப் பக்கத்து முத்துப்பார்களில் கடலடியில் நடந்து செல்கின்றனர். சலாபக் காலம் இன்னும் தொடங்கவில்லை. ஆனால் ஏழை ஒருவன் மட்டும் தோணியில் தனியே வந்து, காலிடுக்கில் கல்லைப் பற்றிக்கொண்டு மூழ்கிச் சிப்பி எடுக்கிறான். சுறா ஒன்று அவன்மீது பாய்கிறது. நெமோ கத்தியுடன் அதை எதிர்த்துப் போராட, தோழர் ஒருவர் ஈட்டியெறிந்து சுறாவைக் கொல்கிறார். பிழைத்தெழுந்த ஏழைக்கு நெமோ ஒரு பை நிறைய முத்துக்களைத் தருகிறான். அடிமைப்பட்ட நாட்டு மக்களுள் தானும் ஒருவன் என்று பின்னர்க் கூறுகிறான். அவன் இந்திய இளவரசன் என்பதை வெர்ன் வேறொரு நாவலில், 1875இல்தான் வெளிப்படுத்தினார்.

இதில் உண்மை எவ்வளவு? மார்ச் மாதச் சலாபம், மூழ்குவோரை இறக்கும் கல், சுமார் 12 மீட்டர் ஆழம் ஆகிய விவரங்கள் பெரும்பாலும் சரியே. தோணிக்குப் பத்துப்பேர் இரு பிரிவாக மாறிமாறி மூழ்குவதையும் நெமோவின் வாய்மொழியாக வெர்ன் சொல்லியிருக்கிறார். ஆயினும் காட்சியில் நாம் காண்பது தனியொருவனைத்தான். உண்மையான முத்துக்குளிப்பு கூட்டுத்தொழில். மூழ்குபவனின் உயிர், மேலே கயிறு பிடித்திருப்பவனின் கையில் இருந்தது. கீழக்கரை முஸ்லிம்களும், முத்துக்குளித்துறைப் பரதவரும் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள். இலங்கைச் சலாபங்களுக்கும் இவர்கள் கடல் கடந்து சென்றனர். பார்கள் எங்குள்ளன, நீரோட்டம் எப்படி என்பன தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. இராமநாதபுரம் சேதுபதிகளுக்கும் சலாபத்தில் தோணி உரிமை இருந்தது.

அடுத்து, சுறா. அச்சம் இருந்தது உண்மை. சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் 'கடற்கட்டி'களுக்கு முத்தெடுப்போர் இருபதில் ஒரு பங்கு கொடுத்ததை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ குறித்துள்ளார். பிற்காலத்தில் ஆங்கில அரசாங்கமே அவர்களுக்கு ஊதியம் அளித்தது. மந்திரத்தை அது நம்பியதனால் அன்று. கடற்கட்டி இல்லாவிட்டால் மூழ்குவோர் நீரில் இறங்க மறுத்தனர். ஆனால் சுறாவால் இறந்தவர்கள் மிகச் சிலரே.

உண்மையான ஆபத்து வேறு. 12 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 2.2 மடங்கு ஆகிறது. நுரையீரலில் அடைபட்ட காற்று பாதிக்கும் குறைவாகச் சுருங்குகிறது. நடுச்செவியின் அழுத்தம் ஈடாகாவிட்டால் செவிப்பறை கிழியும். காதிலும் மூக்கிலும் இரத்தம் கசிந்ததாக வெர்ன் எழுதியதற்குக் காரணம் இதுவே. கரையிலோ, முத்தெடுப்பதற்காகச் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டனர். நாற்றமும் ஈயும் மொய்த்த அந்த முகாம்களில் வாந்திபேதி பரவியதும் உண்டு. கதையில் சுறா ஒரு நொடியில் பாய்கிறது. வாழ்க்கையிலோ காதும் மார்பும் ஆண்டுக்கணக்கில் தேய்ந்தன. அதைக் காட்சியாக்குவது கடினம்.

வெர்ன் தவறிய இடமும் ஒன்றுண்டு. பெருஞ்சிப்பி ஒன்றினுள் தேங்காயளவு முத்து ஒளிர்வதாக அவர் வருணிக்கிறார். அத்தகைய சிப்பியில் பெரிய கட்டிகள் உண்டாகலாம். ஆனால் அவற்றில் முத்துக்குரிய அந்த ஒளி இராது. அரகோனைட் என்னும் சுண்ணக் கனிமம் மெல்லிய ஏடுகளாக அடுக்கடுக்காகப் படிவதால் அவ்வொளி தோன்றுகிறது. நம் கடலின் சிறிய முத்துச்சிப்பிக்கு அத்திறன் உண்டு. 1947இல் நிறுவப்பட்டு, 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், 1973இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். ஜப்பானியர் நெடுங்காலம் காத்துவந்த கலை இவ்வாறு நம் கடலுக்கும் வந்தது.

தூத்துக்குடிப் பகுதியின் பெருஞ்சலாபங்கள் 1961உடன் நின்றுபோயின. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

இனி, குழந்தைக்கு என்ன விடை சொல்லலாம்? "கப்பல் கற்பனை, கடல் உண்மை. மூழ்கிய மனிதனும் உண்மை. ஆனால் அவனைக் காப்பாற்ற எந்த நெமோவும் வரவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவன்தான் நாளும் அவனைக் காப்பாற்றினான்." இதைச் சொல்லிவிட்டு, கடற்கரையில் முதியவர் ஒருவரிடம் குழந்தையை அழைத்துச் செல்லலாம். வெர்ன் எழுதாத கதை அவரிடம் இருக்கக்கூடும்.