வாசிப்பவரும் பயன் சொல்பவரும்: குடும்பமாய் நூல் கேட்ட மரபு

கல்வியைப் பாடிய வள்ளுவர் அதற்கு அயலிலேயே 'கேள்வி' என்று தனியாக ஓர் அதிகாரம் வகுத்தார். ஞானத்துக்குப் படி கூறும் சைவ சித்தாந்தமும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று கேட்டலையே முதற்படியாக வைத்தது. தாயின் வயிற்றிலிருந்தவாறே நாரதர் உபதேசத்தைக் கேட்ட பிரகலாதனின் கதையைச் சைவ வைணவ பேதமின்றி யாவரும் அறிவர். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். தமிழருக்கு நூல் என்பது நெடுங்காலமாகக் கண்ணால் தனித்துப் படிக்கும் பொருளாக இருக்கவில்லை. ஒருவர் வாயால் ஒலிக்க, பலர் செவியால் கொள்ளும் பொருளாகவே இருந்தது.

இம்மரபு ஈழத்தில், சிறப்பாக யாழ்ப்பாணத்தில், ஒரு நிறைவான வடிவம் பெற்றிருந்தது. அதுதான் கோயில்களிலே நடைபெற்ற புராண படனம். காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணம் 10,345 பாடல்களைக் கொண்டது. இப்பெருநூலை யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நாள் வைத்துத் தொடங்கி, நாளொரு பகுதியாக வாசித்து, வள்ளியம்மை திருமணப் படலத்தோடு விழாவாக நிறைவு செய்வார்கள். ஒருவர் பாடலை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அப்பாடலுக்குப் பொருள் விரிப்பார். இதனைப் 'பயன் சொல்லுதல்' என்பது அந்நாட்டு வழக்கு. வாசிப்பவர் பிழைவிட்டால் பயன் சொல்பவர் திருத்துவார். பயன் சொல்பவர் தடுமாறினால் சபையிலுள்ள முதியவர் ஒருவர் எடுத்துக் கொடுப்பார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்தவரின் வாழ்க்கை முறைக்கே 'கந்தபுராண கலாசாரம்' என்று பெயரிட்டது இது பற்றியே.

அச்சபையில் எழுத்தறிந்தோரும் இருந்தனர், அறியாதோரும் இருந்தனர். வயலிலிருந்து வந்தவரும் மடியில் குழந்தையோடு வந்த தாயும் ஒரே பாடலையே கேட்டனர். சூரபன்மன் மாமரமாய் நின்ற செய்தியைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பிள்ளைகள் செவியால் அறிந்திருந்தனர். பிரசாதத்துக்காக வந்த பிள்ளையும் கதையோடுதான் வீடு திரும்பியது.

கோயிலில் நடந்தது வீட்டிலும் நடந்தது. விநாயக சட்டி விரதத்தின் இருபத்தொரு நாளும் சுன்னாகம் வரதபண்டிதர் இயற்றிய பிள்ளையார் கதையைக் கோயில்களிலும் இல்லங்களிலும் வாசிப்பர். சித்திரா பௌர்ணமியிலே சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்பர். வீட்டில் வாசிக்கும்போது ஏட்டைப் பிடிப்பவர் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாகவே இருக்கும். ஆச்சிக்குக் கண் மங்கியிருக்கலாம், எழுத்தே தெரியாதிருக்கலாம். ஆயினும் கதை முழுவதும் அவருக்கு மனப்பாடம். பிள்ளை ஒரு சீரைத் தவறவிட்டால் அடுப்படியிலிருந்தே திருத்துவார். எழுத்து பேரனிடமும் பொருள் ஆச்சியிடமும் இருக்க, இருவரும் சேர்ந்தே ஒரு நூலை வாசித்தனர் எனலாம்.

இந்த மரபுக்குள் சிறுவர்க்கான அச்சுநூலைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). அவர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளிக்குப் புத்தகம் வேண்டுமென்று 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் ஒன்றை வாங்கி வந்தார். படிமுறையாக அமைந்த பாலபாடங்களை அவரே எழுதி வெளியிட்டார். 1852இல் பெரியபுராணத்தை வசனநடையில் பதிப்பித்தார். சந்தி பிரித்து, நிறுத்தக் குறிகளிட்டு, சாதாரண வாசகரும் தடையின்றி வாசிக்கத்தக்க உரைநடையை அவர் அமைத்தமை தமிழுலகம் அறிந்தது. அதன் பயன் ஒன்றைத் தனியே குறிப்பிடல் வேண்டும். செய்யுளுக்குப் பயன் சொல்லப் புலவர் வேண்டும். நாவலரின் வசனத்தை வாசிக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போதும். கண்ணப்ப நாயனாரின் கதையை ஒரு சிறுமி திண்ணையிலிருந்து உரக்க வாசிக்க, வீட்டார் அனைவரும் கேட்டு விளங்கிக்கொள்ளும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் சிறுவர்க்கென்றே எழுதுவோர் பெருகினர். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் தாடி அறுந்த வேடனையும் பிள்ளைகளுக்காகப் பாடினார். தமிழ்நாட்டில் அழ. வள்ளியப்பா குழந்தைக் கவிஞர் எனப் புகழ் பெற்றார். சென்னையில் 1947 ஜூலையில் தொடங்கப்பெற்ற அம்புலிமாமா கடல் கடந்து ஈழத்துக்கும் வந்தது. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளிற் சுமந்து செல்லும் அந்தப் படத்தை இன்றைய பாட்டன்மாரும் பாட்டிமாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்விதழ் இப்போது நின்றுவிட்டது. அன்று ஒரு பிரதி ஒரு வீட்டோடு நில்லாது. அயல்வீடுகளையும் சுற்றி, அட்டை கழன்ற பின்னரே ஓயும்.

ஒரு புத்தகம், ஒரு விளக்கு, பல செவிகள் என்பதே அன்றைய நிலை. சேர்ந்து வாசித்தலை எவரும் கொள்கையாக வகுத்துக்கொண்டு செய்யவில்லை. புத்தகம் அரிது, வெளிச்சம் அரிது, மூத்தோரிற் பலர்க்கு எழுத்து அரிது. அந்த வறுமையே குடும்பத்தை ஒரு பாயில் அமர்த்தியது. இதை மறந்து, அக்காலத்தவர் அனைவரும் மொழிப்பற்றினால் மட்டுமே அவ்வாறு செய்தனர் என்று பெருமை பேசுவது பொருந்தாது.

பின்னர் வந்த இடர் யாவரும் அறிந்ததே. 1959இல் புதிய கட்டடத்தில் திறக்கப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே இறுதி, ஜூன் தொடக்க நாள்களில் நிகழ்ந்த வன்செயலில் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1983 ஜூலைக் கலவரத்தின் பின்பு பல்லாயிரவர் நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களுட் பெருந்தொகையினர் ரொறன்ரோவையும் அதன் சுற்றுப்புறங்களையும் வந்தடைந்தனர். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் குடியேறியோர் காலப்போக்கில் வடக்கே ஸ்ரௌவ்வில் வரை வீடுகள் வாங்கினர்.

இந்த ஸ்ரௌவ்வில் ஊரின் வரலாறே இவ்விடயத்தில் ஒரு பாடம் சொல்லுகிறது. 1804இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஏபிரகாம் ஸ்ரௌபர் என்பவரின் பெயரே ஊருக்கு ஆயிற்று. அவரும் அவருடைய மனைவி எலிசபெத் ரீசரும் மெனோனைற் என்னும் கிறித்தவ சமயப் பிரிவினர். சமயத்தின் பொருட்டுத் துன்பம் அனுபவித்து, நாடுவிட்டு நாடு வந்த மக்களின் வழித்தோன்றல்கள். அவர்களுடைய வீட்டுமொழி ஒருவகை ஜெர்மன். ஜெர்மன் வேதாகமமும், தம் சமயத் தியாகிகளின் வரலாறு கூறும் பெருநூலும் அச்சமூகத்தவர் போற்றிய நூல்கள். அப்பெருநூலின் ஜெர்மன் பதிப்பு 1748–49இல் பென்சில்வேனியாவிலேயே அச்சிடப்பட்டது. கந்தபுராணமும் பெரியபுராணமும் யாழ்ப்பாணத்தவர்க்கு எவ்வாறோ, அவ்வாறே இவை அவர்களுக்கு.

இன்று அப்பகுதியில் ஸ்ரௌபர், ரீசர் என்ற பெயர்கள் ஊரிலும் வீதியிலும் நிற்கின்றன. அச்சமூகத்தின் சமயமும் நிற்கிறது. ஜெர்மன் மொழியோ நிலைக்கவில்லை. பள்ளிக்கூடம் ஆங்கிலம், சந்தை ஆங்கிலம், அயலவர் ஆங்கிலம் என்றான பின் வழிபாடும் ஆங்கிலமாயிற்று. அதே இனத்தவருள் வாட்டர்லூப் பகுதியில் பழைய ஒழுக்கத்தைக் கைக்கொள்ளும் பிரிவினர் இன்றும் வீட்டில் அம்மொழியைப் பேசுகின்றனர். வழிபாட்டில் ஜெர்மன் நூல்களையே கையாளுகின்றனர். அவர்கள் உலகத்தோடு கொண்ட தொடர்பைச் சுருக்கிக்கொண்டு அதைச் சாதித்தவர்கள். வைத்தியம், பொறியியல், வணிகம் என்று எல்லாத் துறைகளிலும் பிள்ளைகளை முன்னேற்ற விரும்பும் தமிழ்ப் பெற்றோர்க்கு அவ்வழி ஒவ்வாது. வேறு வழி தேடவேண்டும்.

அந்த வழி வீட்டிலேயே இருக்கிறது என்பதற்கு இக்காலத்து ஆராய்ச்சியும் சான்று தருகிறது. கருவிலிருக்கும் சிசுவின் செவி ஆறாம் ஏழாம் மாதமளவில் ஒலியை உணரத் தொடங்கும். அமெரிக்காவில் அந்தனி டிகாஸ்பர், மெலனி ஸ்பென்ஸ் என்னும் இரு ஆய்வாளர் 1986இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். கருவுற்ற தாய்மார் இறுதி ஆறு வாரங்களில் ஒரு குறித்த பகுதியை நாளுக்கு இருமுறை உரக்க வாசித்தனர். பிறந்த குழந்தைகள் புதிய பகுதியைக் காட்டிலும் முன்பு கேட்ட பகுதியையே விரும்பிக் கேட்டன. சூப்பியை உறிஞ்சும் வேகத்தைக்கொண்டு இது அளந்தறியப்பட்டது. பிரகலாதன் கதையைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இது பெரிய வியப்பன்று. குழந்தை பிறந்த காலந்தொட்டே பெற்றோர் அதற்கு உரக்க வாசிக்கவேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2014இல் அறிவுறுத்தியது. எந்த மொழியில் வாசித்தாலும் குழந்தைக்குப் பயனுண்டு. வீட்டில் தமிழ் கேட்பதனால் பிள்ளையின் ஆங்கிலம் கெடும் என்ற பழைய அச்சத்துக்கு ஆதாரமில்லை.

ரொறன்ரோ நகரத்துக்கும் இதில் ஒரு பெருமையுண்டு. சிறுவர்க்கென்றே தனிக் கட்டடத்தில் அமைந்த நூலகம் இங்கே 1922இல் திறக்கப்பட்டது. அதை நடத்திய லிலியன் ஸ்மித் அம்மையார் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்லும் வழக்கத்தை நகரெங்கும் பரப்பினார். ஒன்ராறியோ அரசு 1977இல் மரபுமொழி வகுப்புகளுக்கு வழி வகுத்தது. நகரத்து நூலகங்களில் தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. ஆகவே புத்தகம் அரிது என்று இன்று எவரும் சொல்ல முடியாது. விளக்கும் அரிதன்று. அரிதாயிருப்பது ஒரே நேரத்தில் ஓரிடத்தில் இருக்கும் செவிகளே. தந்தை இரவு வேலை, தாய் பகல் வேலை, பிள்ளை தன் அறையில், ஆச்சி கீழே தொலைக்காட்சி முன். இதிலே எவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. குடியேறியோர் வாழ்வின் இயல்பு இது.

ஆயினும் இதன் விளைவு கோயிலிலே தெரிகிறது. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடும் பிள்ளைகள் உளர். பண் வழுவாது பாடுகிறார்கள். கேட்போர் நெஞ்சு உருகுகிறது. பாடியதன் பொருளைக் கேட்டால் அவர்கள் மௌனமாகிறார்கள். வாசிப்பவர் இருக்கிறார், பயன் சொல்பவர் இல்லை. முன்னோர் புராண படனத்துக்கு இருவரை அமர்த்தியதன் காரணம் இங்கே விளங்கும். பயனற்ற ஓசை ஒரு தலைமுறை நிற்கும். அடுத்த தலைமுறையில் அதுவும் நில்லாது.

பழைய ஏற்பாட்டைச் சற்றே மாற்றி அமைத்தால் ஸ்ரௌவ்வில் வீடொன்றிலும் அது நடைபெறும். அன்று எழுத்து பேரனிடமும் பொருள் ஆச்சியிடமும் இருந்தன. இன்று தமிழ் எழுத்து ஆச்சியிடம் இருக்கிறது. ஆகவே ஆச்சி வாசிக்கட்டும்; பேரப்பிள்ளை பயன் சொல்லட்டும். தெரிந்த தமிழில் சொல்லட்டும். முட்டினால் ஆங்கிலத்தில் சொல்லட்டும். அச்சொல்லுக்குத் தமிழை ஆச்சி எடுத்துக் கொடுப்பார். மறுநாள் பிள்ளை தன் ஆங்கிலக் கதைப்புத்தகத்தை வாசிக்கட்டும். ஆச்சி தமிழிற் கேள்வி கேட்கட்டும். பெரிய நூல் வேண்டியதில்லை. நாவலரின் பாலபாடத்தில் ஒரு பக்கம், சோமசுந்தரப் புலவரின் ஒரு பாட்டு, நாயன்மார் ஒருவரின் கதை போதும். இரவுச் சாப்பாட்டுக்கும் உறக்கத்துக்கும் இடையே கால் மணி நேரம் போதும். நாள்தோறும் இயலாத வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பின் வாசிக்கலாம்.

ஆச்சிமார் எப்போதும் இருக்கமாட்டார்கள் என்பதையும் கருத வேண்டும். ஊரின் உச்சரிப்பும் ஊரின் சொற்களும் புத்தகத்தில் முழுமையாக இல்லை. அவர்களுடைய குரலிலேதான் இருக்கின்றன. 1981இல் எரிந்த நூல்களிற் சிலவற்றை வேறு ஊர்களிலிருந்து தேடிப் பெற முடிந்தது. குரல் அவ்வாறு தேடிப் பெறத்தக்கதன்று. வீட்டில் அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஏட்டை விரித்துப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்துவது பெற்றோர் கடன்.