கூப்பிட்டா வருமா சிறுத்தை?

கனடாவிலிருந்து லீவுக்கு வந்த மாமா ஒருத்தர் எங்க கூட்டாளிக்கு ஒரு மர ஊதல் கொண்டு வந்து கொடுத்தார். விரல் நீளம்தான் இருக்கும். கையால் கடைந்த மரம், உள்ளே மெல்லிசா ஒரு நாக்கு. "இதை ஊதுனா அங்க கூகர் வரும்டா" என்றாராம். கூகர் என்றால் பூமா. அமெரிக்கக் கண்டங்களின் மலைகளிலும் காடுகளிலும் திரியும் பெரிய பூனை.

எங்க நாட்டில் கூகர் கிடையாது. ஆனா சிறுத்தை இருக்கு. அதனால் ஒரு சனிக்கிழமை நாங்க நாலு பேர் அந்த ஊதலை எடுத்துக்கொண்டு எல்கடுவைக்குப் போனோம். மாத்தளையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் ரோடு. வழியெல்லாம் தேயிலை. ஹுன்னஸ்கிரிய அருவியும் செம்புவத்த ஏரியும் பார்க்க வருகிற ஆட்கள் கடந்து போகும் ஊர். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். எங்களில் ஒருத்தியின் அம்மாயி அங்கே ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறார்.

பொழுது சாயும் நேரம் லயத்துக்குப் பின்னால், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நின்று ஊதிப் பார்த்தோம். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு கீச்சுச் சத்தம். உள்ளங்கையைக் குவித்து வாயை மூடி மூடித் திறந்தபோது, ஒரு குட்டி அலறுவது போலவே கேட்டது. லயத்து நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைத்தன. அம்மாயி விளக்குமாறோடு ஓடி வந்தார்.

"சனியன வெத்தல பாக்கு வச்சு கூப்புடுறீங்களா? போன மாசந்தான் ரெண்டு நாய தூக்கிட்டுப் போச்சு. உள்ள வாங்க!"

ஊதலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். அன்றைக்கு ராத்திரி தொடங்கிய பேச்சுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த ஊதல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது கூகரின் குரலைப் பேசுவதில்லை. கூகரின் இரை சாகும்போது போடும் சத்தத்தைப் போடுகிறது. முயல், மான்குட்டி இவற்றின் அலறல். உள்ளேயிருக்கும் நாக்கு மூச்சுக் காற்றில் அதிர்வதால் சத்தம் பிறக்கிறது. நம்ம சின்னப் பிள்ளைகள் தென்னோலையில் சுற்றிச் செய்கிற பீப்பியும் இதே வேலையைத்தான் செய்கிறது. மூச்சை அழுத்தினால் சத்தம் மேலே போகும், கையைக் குவித்தால் அடங்கும். ஊதத் தெரிந்தவர்கள் விட்டுவிட்டு ஊதுவார்கள். கூகர் ஓடி வருவதில்லை, பதுங்கிப் பதுங்கி வரும். வந்ததே தெரியாது. அதனால் ஊதுகிறவர் முதுகை ஒரு பெரிய மரத்திலோ பாறையிலோ சாய்த்துக்கொள்வார். இரை மாதிரி கத்துகிறவரை அது இரை என்றுதானே நினைக்கும்! இதை வேட்டைக்கும் பயன்படுத்துகிறார்கள், படம் எடுக்கவும் பயன்படுத்துகிறார்கள். ஆனா கலிபோர்னியா மாநில மக்கள் 1990 இல் வாக்களித்து, விளையாட்டுக்காகக் கூகரை வேட்டையாடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

சிறுத்தையின் சங்கதி கொஞ்சம் வேறு. கூகருக்குச் சிங்கம் புலி போல கர்ஜிக்க வராது. சிறுத்தைக்குக் கர்ஜிக்கிற தொண்டை. ஆனா அது அடிக்கடி போடும் சத்தம் பலகையை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி இருக்கும். மூச்சு வெளியே போகும்போது ஒரு இழுப்பு, உள்ளே வரும்போது ஒரு இழுப்பு. "இது என் இடம்" என்பதற்கும், துணையைத் தேடுவதற்கும் அதே குரல்தான். அம்மாயி அதை "மரம் அறுக்குற சத்தம்" என்றார். அவர் எந்தப் புத்தகமும் படித்து அதைச் சொல்லவில்லை.

இப்படி ஏமாற்றி அழைப்பது நமக்குப் புதிதும் இல்லை. சங்கப் பாடல்களில் 'பார்வை' என்ற சொல்லுக்குக் கண்ணால் பார்ப்பது தவிர இன்னொரு பொருள் உண்டு. காட்டு மிருகங்களைப் பிடிப்பதற்காகப் பழக்கிக் கட்டி வைக்கும் மிருகம்தான் அந்தப் 'பார்வை'. தன் இனத்தைப் பார்த்து நம்பி வரும் மான் வலையில் விழும். புறநானூற்றின் 320 ஆம் பாட்டில் ஒரு வேட்டுவன் வீட்டு முற்றத்தில் அப்படி ஒரு பெண்மான் வருகிறது. திருக்குறளின் 274 ஆம் குறளில், தவ வேடத்துக்குள் ஒளிந்து தப்புச் செய்கிறவனை, புதருக்குள் மறைந்து பறவை பிடிக்கும் வேட்டுவனோடு வள்ளுவர் ஒப்பிடுகிறார். ஆக, வயிற்றுக்காகச் செய்கிற தொழிலாக அதை ஏற்றுக்கொண்டாலும், அதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது என்பது நம்ம ஆட்களுக்கு அப்பவே தெரிந்திருக்கிறது.

அந்த வஞ்சகத்தை எங்களுக்கு உறைக்க வைத்தது ஜவளகிரிக் கதை. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது ஜவளகிரி. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன், 1954 இல் வெளிவந்த தன் முதல் புத்தகத்தில் அங்கே சுட்ட ஒரு பெண்புலியைப் பற்றி எழுதியிருக்கிறார். அதன் துணையை மனிதர்கள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பிறகு அது ஆட்கொல்லியானது. பலநாள் தேடியும் அகப்படவில்லை. கடைசியில் அது துணை தேடிக் கத்தியபோது, ஆண்டர்சன் தன் வாயாலேயே ஆண்புலி போலப் பதில் குரல் கொடுத்தார். அது வந்தது. சுட்டார். 1938 இல் இமயமலை அடிவாரத்துத் தாக் கிராமத்தில் ஜிம் கார்பெட்டும் இதே வழியில்தான் ஒரு ஆட்கொல்லிப் பெண்புலியை வரவழைத்தார். ஊர் சனத்தின் உயிருக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதை நாங்க மறுக்கல. ஆனாலும் துணை வந்துவிட்டது என்று நம்பி வந்த மிருகம் அது. ஊதலைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறபோது என்னமோ மாதிரி இருந்தது.

சரி, எங்க மலைக்கு வருவோம். பிரிட்டிஷ் காலத்தில் மலைநாட்டுக் காட்டை அழித்து முதலில் கோப்பி நட்டார்கள். 1869 இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்க, பிறகு தேயிலை வந்தது. அந்த வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கிய எங்க முன்னோர்கள், காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் செத்தவர்கள் ஏராளம். அவர்களுக்குச் சிறுத்தை என்பது பயம்.

அதே காலத்தில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் போன்ற வெள்ளைக்காரர்களுக்கு இந்தத் தீவின் காடு வேட்டை மைதானம். 1850களில் அவர் எழுதிய புத்தகத்தின் பெயரிலேயே துப்பாக்கியும் வேட்டைநாயும் இருக்கின்றன. மிருகத்தைத் தேடிப் போவதும், வரவழைத்துச் சுடுவதும், தோலைச் சுவரில் மாட்டுவதும் துரைமார்களின் பொழுதுபோக்கு. லயத்தில் இருந்தவர்களுக்கு அது வராமல் இருந்தால் போதும். தகரத்தைத் தட்டி, நெருப்பு மூட்டி விரட்டினார்கள். சிறுத்தையைக் கூப்பிடுவதற்கு ஆசைப்பட்டவர்கள் எப்போதும் பங்களாவில் பாதுகாப்பாகத் தூங்கியவர்கள்தான். அன்றைக்குச் சாயங்காலம் நாங்களும் அந்த இடத்தில்தான் நின்றிருக்கிறோம். ஊதிவிட்டு மறுநாள் பஸ் ஏறிப் போய்விடுவோம். விடிந்ததும் கொழுந்து கிள்ள மலைக்கு ஏற வேண்டியது அம்மாயி வீட்டு ஆட்கள்தானே.

இதில் சிறுத்தை மட்டும் நல்லா இருக்கா என்றால் அதுவும் இல்லை. இலங்கைச் சிறுத்தை உலகத்தில் வேறெங்கும் இல்லாத உள்ளினம். இங்கே புலியும் சிங்கமும் இல்லாததால் காட்டின் உச்சியில் இருப்பது அதுதான். வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்பதுதான் கணிப்பு. சட்டம் அதைப் பாதுகாக்கிறது. ஆனா மரக்கறித் தோட்டத்துக்கு வரும் காட்டுப் பன்றிக்காக வைக்கிற சுருக்குக் கம்பி, யார் வருகிறார்கள் என்று பார்ப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அபூர்வமான ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டியது. மீட்டு உடவளவைக்குக் கொண்டு போனார்கள். மூன்றாவது நாள் செத்துப்போனது. நாடு முழுக்க அதன் படத்தைப் பகிர்ந்தோம். அந்த மோட்டார்சைக்கிள் பிரேக் கம்பியை ஏன் ஒரு ஏழை கட்டுகிறான், பன்றி தின்ற மரக்கறிக்கு அவனுக்கு யார் நட்டஈடு தருவார்கள் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசல.

மறுநாள் காலையில் அம்மாயி எங்களைக் கூட்டிக்கொண்டு போய், காட்டோரம் கட்டியிருந்த பழைய சுருக்கு ஒன்றைக் காட்டினார். துருப்பிடித்த கம்பி. அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தோம். போகிற வழியில் அவர் சொன்ன விஷயங்கள் எந்த ஊதலையும் விடப் பெரிசு. மரை ஒரே இடத்தில் நின்று திரும்பத் திரும்பக் கத்தினால் பக்கத்தில் சிறுத்தை இருக்கு. மந்திகள் மரத்து உச்சியில் நின்று கீழே பார்த்துக் கத்தினாலும் அப்படித்தான். நாய் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கட்டிலுக்கடியில் நுழைந்தால் கதவைத் திறக்காதே. ஐம்பது வருசம் தேயிலைக்குள் வேலை செய்து கற்றுக்கொண்டது இது. எழுதி வைக்க யாரும் இல்லாததால் இது வரலாறாகக் கணக்கில் வரல.

ஊதல் இப்போது எங்க கூட்டாளியின் மேசையில் கிடக்கிறது. காட்டோரத்தில் இனி ஊதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்குப் பதிலா, உங்க தோட்டத்தில் சிறுத்தையின் வரவை எப்படித் தெரிந்துகொள்வார்கள், அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், எப்படி விரட்டினார்கள் என்று உங்க வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்க. காட்டோரம் சுருக்குக் கம்பி கண்ணில் பட்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்க. அதைக் கட்டியவரிடமும் ஒரு வார்த்தை பேசுங்க, சண்டைக்கு இல்ல, ஏன் கட்டினார் என்று கேட்க.