பிலிம் இல்லாத வகுப்பறை: படம் பார்க்கக் கற்றுக்கொண்ட ஒரு கெமிஸ்ட்ரி மாணவர்

1920ல் மாஸ்கோவில் ஒருவர் கிரிஃபித் எடுத்த 'இன்டாலரன்ஸ்' படத்தைப் பார்த்தார். வயது 27. பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் இருந்து, காயம்பட்டு, 1915ல் ஜெர்மானியர்களிடம் சிக்கி, மூன்று வருடம் கைதியாக இருந்து, 1918ல் தப்பி ஊர் வந்து, ஒரு ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். சினிமாவை அதுவரை பெரிதாக மதித்ததில்லை. அந்தப் படம் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு சினிமாப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். பெயர் வ்செவலோத் புடோவ்கின். பிற்பாடு 'தாய்' (1926) படத்தை எடுத்தவர் இவர்தான்.

சினிமா படிக்கிற யாரும் 'குலேஷோவ் விளைவு' என்ற சொல்லைத் தாண்டித்தான் போகவேண்டும். யூடியூபில் அதைப் பற்றி ஆயிரம் வீடியோ இருக்கிறது. கதை இப்படிப் போகும்: ரஷ்யாவில் பிலிம் தட்டுப்பாடு, அதனால் மாணவர்கள் பழைய படங்களை வெட்டி ஒட்டிப் பழகினார்கள், அப்படித்தான் மொன்டாஜ் என்ற எடிட்டிங் முறை பிறந்தது. கடைசியில் ஒரு நீதி: தட்டுப்பாடுதான் படைப்பாற்றலின் தாய். எங்கள் சாஃப்ட்வேர் தொழிலிலும் இந்த நீதி ரொம்பப் பிரபலம். ஆளும் கொடுக்காமல், நேரமும் கொடுக்காமல் வேலை வாங்க நினைக்கிற மேனேஜர்கள் வாயில் அடிக்கடி வரும். அதனாலேயே எனக்கு இந்தக் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கத் தோன்றியது.

தட்டுப்பாடு நிஜம்தானா?

நிஜம்தான். சந்தேகமே இல்லை. ரஷ்யாவில் கச்சா பிலிம் தயாரிக்கும் தொழிற்சாலை கிடையாது. எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். உலகப்போர், புரட்சி, உள்நாட்டுப்போர், அதோடு மேற்கு நாடுகளின் முற்றுகை எல்லாம் சேர்ந்து வரத்தை அடைத்துவிட்டன. சொந்தமாக பிலிம் தயாரிக்க சோவியத் நாடு 1930களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு நடுவே ஒரு மோசடி வேறு. 1918ல் புதிய அரசு, சிப்ராரியோ என்ற வியாபாரியை நம்பி, அமெரிக்காவில் பிலிமும் கருவிகளும் வாங்கச் சுமார் 10 லட்சம் டாலரை நியூயார்க் வங்கியில் போட்டது. அவர் பணத்தைச் சுருட்டிக்கொண்டார். சோவியத் அரசு நியூயார்க்கில் வழக்குப் போட்டது. 1923ல் வந்த தீர்ப்பு என்ன தெரியுமா? 'உங்கள் அரசை அமெரிக்கா இன்னும் அங்கீகரிக்கவில்லை, அதனால் நீங்கள் இங்கே வழக்கே போடமுடியாது' என்பதுதான். பணமும் போச்சு, பிலிமும் போச்சு.

இந்தச் சூழலில்தான் 1919ல் மாஸ்கோவில் அரசு சினிமாப் பள்ளி தொடங்கியது. உலகின் முதல் சினிமாப் பள்ளி என்று சொல்வார்கள். முதல் தலைவர் விளாதிமிர் கார்தின் என்ற இயக்குநர். அதே வருடம் ஆகஸ்ட் 27ல்தான் சினிமாத் துறையை அரசுடைமையாக்கும் ஆணையில் லெனின் கையெழுத்திட்டிருந்தார். பள்ளி இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள், படம் எடுக்க பிலிம் இல்லை.

ஆசிரியருக்கு வயது 21

அங்கே பாடம் நடத்த வந்தவர்களில் ஒருவர் லெவ் குலேஷோவ். 1899ல் பிறந்தவர். மாணவரான புடோவ்கினைவிட ஆறு வயது சின்னவர்! பதினேழு வயதிலேயே இயக்குநர் பாவரிடம் செட் வடிவமைப்பாளராகச் சேர்ந்திருந்தார்.

குலேஷோவ் படத்தை ஆராய்ந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. திரையைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் பார்வையாளர்களைப் பார்த்தார். நகர ஓரத்து மலிவான தியேட்டர்களுக்குப் போனார். படித்த கூட்டம் ரசனையை மறைத்துக்கொள்ளும், ஓரத்துத் தியேட்டர் கூட்டம் சிரிப்பையும் கூச்சலையும் அடக்காது என்பது அவர் கணக்கு. ரஷ்யப் படம், ஐரோப்பியப் படம், அமெரிக்கப் படம் என்று மூன்றுக்கும் கூட்டம் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒப்பிட்டார். அமெரிக்கப் படத்துக்குத்தான் எதிர்வினை அதிகம்.

ஏன்? கதை நல்ல கதை என்பதாலா, நடிகர் அழகு என்பதாலா? அவர் ஷாட்களை எண்ணிப் பார்த்தார். ரஷ்யப் படத்தில் நீளமான ஷாட்கள், கொஞ்சம்தான். அமெரிக்கப் படத்தில் குட்டிக் குட்டி ஷாட்கள், ஏராளம். பிற்பாடு 1929ல் வந்த தன் புத்தகத்தில் ஒரு உதாரணம் கொடுத்தார். ஒருவன் தற்கொலை செய்துகொள்ளும் காட்சி. ரஷ்ய இயக்குநர் அறை முழுவதையும் காட்டி, அதில் ஆளை நடிக்கவைத்து, ஒரே ஷாட்டில் முடித்துவிடுவார். அறையில் இருக்கிற மேசை, நாற்காலி, திரைச்சீலை எல்லாம் நம் கண்ணை இழுக்கும். அமெரிக்க இயக்குநர் முகம், மேசை இழுப்பறையைத் திறக்கும் கை, துப்பாக்கி என்று தனித்தனியாகக் காட்டுவார். அந்த நொடியில் எதைப் பார்க்கவேண்டுமோ அது மட்டும்தான் திரையில் இருக்கும்.

இன்றைய மாணவருக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியலாம். ஆனால் கவனியுங்கள்: 'இந்தப் படம் நல்லா இருக்கு' என்ற அபிப்பிராயத்திலிருந்து 'இந்தப் படத்தில் எத்தனை துண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், எந்த வரிசை' என்ற கேள்விக்கு நகர்ந்த இடம் இது. புரோகிராம் ஓடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன் முதல்முறையாக சோர்ஸ் கோடைத் திறந்து பார்ப்பது மாதிரி.

வகுப்பிலும் அதே முறைதான். பிலிம் இல்லாததால் சின்ன மேடையில் 'பிலிம் இல்லாத படங்கள்' போட்டார்கள். கதையை ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதுவது, நடிகர்கள் அதை ஒத்திகை பார்ப்பது, திரைச்சீலையை இழுத்து மூடித் திறந்து அடுத்த 'ஷாட்'டுக்குப் போவது. நடிகர் கை எந்தக் கோணத்தில் அசையவேண்டும் என்பதற்குக்கூட கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்ட வலையைக் கற்பனை செய்து பயிற்சி கொடுத்தார் குலேஷோவ். அலெக்ஸாந்த்ரா கோக்லோவா, போரிஸ் பார்னெட் போன்றவர்கள் இந்தப் பட்டறையில் பழகியவர்கள். ஐசன்ஸ்டைனும் கொஞ்ச மாதம் வந்துபோனார்.

சூப், சவப்பெட்டி, குழந்தை

இப்போது அந்தப் பிரபலமான பரிசோதனைக்கு வருவோம். மொஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமில்லாத முகம் ஒன்று. அதோடு ஒரு தட்டு சூப், சவப்பெட்டியில் ஒரு பெண், பொம்மையோடு விளையாடும் குழந்தை என்று மூன்றையும் தனித்தனியாக ஒட்டிக் காட்டினார்கள். மூன்று முறையும் அதே முகம்தான். ஆனால் பார்த்தவர்கள் ஆழ்ந்த யோசனை, துக்கம், மகிழ்ச்சி மூன்றையும் அந்த முகத்தில் கண்டு நடிப்பைப் புகழ்ந்தார்களாம்.

இது புடோவ்கின் சொன்ன கணக்கு. குலேஷோவ் தன் புத்தகத்தில் சொல்வது வேறு மாதிரி. ஒரு பிரபல நடிகரோடு அவருக்கு விவாதம் வந்ததாம். சிறையில் பசியோடு இருப்பவனுக்கு சூப் கொண்டுவருகிறார்கள். இன்னொரு கைதிக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை, விடுதலைதான் ஏக்கம், அவன் வெளியே வந்து வானத்தையும் பறவைகளையும் பார்க்கிறான். இரண்டு முகமும் வேறு வேறாக இருக்கும் என்றார் நடிகர். எடுத்து ஒட்டிப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை என்கிறார் குலேஷோவ். வேறு சிலர் எழுதியதில் குழந்தைக்குப் பதில் சோபாவில் சாய்ந்திருக்கும் ஒரு பெண் வருகிறாள். எந்த வருடம் நடந்தது என்பதிலும் ஆளுக்கு ஒரு கணக்கு. அந்தப் படத்துண்டு இன்று யாரிடமும் இல்லை. இணையத்தில் சுற்றுவதெல்லாம் பிற்பாடு செய்தவை.

சரி, விளைவாவது உண்மையா? 1992ல் ஸ்டீபன் பிரின்ஸ், வெய்ன் ஹென்ஸ்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பரிசோதனையைத் திரும்பச் செய்துபார்த்தார்கள். எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. 2006ல் மூளை ஸ்கேன் வைத்து இன்னொரு குழு செய்தபோது, பக்கத்தில் வரும் காட்சிக்கு ஏற்ப அதே முகத்தை மக்கள் வேறுவிதமாக மதிப்பிட்டார்கள். ஆக, அடிப்படைக் கருத்தில் சத்து இருக்கிறது. ஆனால் 'பார்த்த எல்லோரும் ஏமாந்தார்கள்' என்று பாடப்புத்தகம் அடித்துச் சொல்லும் அளவுக்கு அல்ல.

அதே காலத்தின் இன்னொரு பரிசோதனைக்கு நிலைமை பரவாயில்லை. கோக்லோவாவும் அபலென்ஸ்கி என்ற நடிகரும் மாஸ்கோவின் வேறு வேறு இடங்களில் நடந்துவந்து சந்திக்கிறார்கள், கைகுலுக்குகிறார்கள், எதையோ பார்க்கிறார்கள். அடுத்த ஷாட் வாஷிங்டன் வெள்ளை மாளிகை! அமெரிக்கப் படம் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்தது. அதற்கடுத்து இருவரும் மாஸ்கோ தேவாலயப் படிக்கட்டில் ஏறுகிறார்கள். உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு ஊர் திரையில் உருவாகிவிடுகிறது. இந்த வகைப் பரிசோதனை ஒன்றின் துண்டு 1990களில் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. அதனால் இதைப் பற்றி நம்பிக்கையோடு பேசலாம்.

தட்டுப்பாடுதான் தாயா?

இனி அந்த நீதிக்கு வருகிறேன். காலவரிசையை ஒழுங்காக அடுக்கினால் அது நிற்கவில்லை.

குலேஷோவ் மொன்டாஜ் பற்றிப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தது சினிமாப் பள்ளி தொடங்குவதற்கு முன்பே. அவருடைய முதல் படமான 'இன்ஜினியர் பிரைட்டின் திட்டம்' 1918ல் வந்துவிட்டது. அதில் அப்பாவும் மகளும் மின்கம்பங்களைப் பார்ப்பதாக ஒரு காட்சி. ஆட்களை ஒரு இடத்திலும் கம்பங்களை வேறு இடத்திலும் எடுத்து ஒட்டினார். வேலை செய்தது! வெள்ளை மாளிகைப் பரிசோதனையின் விதை அங்கே விழுந்துவிட்டது. 'இன்டாலரன்ஸ்' மாஸ்கோவில் திரைக்கு வந்தது 1919ல். அந்தப் படம்தான் சோவியத் எடிட்டிங்குக்கு மூலம் என்ற நம்பிக்கையை வான்ஸ் கெப்லி என்ற ஆய்வாளர் 1979லேயே கேள்வி கேட்டுவிட்டார்.

இன்னொன்று. தட்டுப்பாடு எல்லாருக்கும் பொது. அதே தட்டுப்பாட்டில் பல பெரிய ஆட்கள் நாட்டைவிட்டே போனார்கள். முகத்துக்குப் பேர்போன மொஸ்ஜூகினே 1920ல் கிளம்பி பிரான்ஸ் போய்விட்டார். பஞ்சம் தானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கனவே ஒரு கேள்வியோடு இருந்தவருக்கு, அரசுச் செலவில் ஒரு வகுப்பறையும், தினமும் வரும் மாணவர்களும், பல வருட நேரமும் கிடைத்தன. அதனால்தான் பஞ்ச காலம் பயிற்சிக் காலமாக மாறியது. 1922க்குப் பிறகு ஜெர்மனியோடு வர்த்தகம் திறந்து பிலிம் வர ஆரம்பித்ததும், அந்தப் பட்டறை 1924ல் 'மிஸ்டர் வெஸ்ட்' என்ற நகைச்சுவைப் படத்தை எடுத்துக் காட்டியது. பிலிம் கிடைத்த பிறகுதான் கற்றது படமானது. மேனேஜர்கள் சொல்லும் கதையில் இந்தப் பாதி வராது, கவனித்திருப்பீர்கள்.

தட்டுப்பாட்டுக்கு உரிய பங்கையும் கொடுத்துவிடலாம். எடுக்க பிலிம் இல்லாததால் எடுப்பதற்கு முன் யோசிக்கவேண்டியிருந்தது. அடுத்தவர் எடுத்ததைப் பிரித்துப் பார்க்கவேண்டியிருந்தது. இந்தப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் பள்ளிக்கு வெளியேயும் இருந்தது. எஸ்தர் ஷூப் என்ற பெண் 1922 முதல் வெளிநாட்டுப் படங்களை சோவியத் தியேட்டர்களுக்கு ஏற்றபடி மறு எடிட்டிங் செய்யும் வேலையில் இருந்தார். ஃபிரிட்ஸ் லாங்கின் 'டாக்டர் மபூஸ்' படத்தை அவர் வெட்டியபோது ஐசன்ஸ்டைனும் கூட உட்கார்ந்து வேலை கற்றார். அந்த ஷூப்தான் பழைய செய்திப்படத் துண்டுகளை வைத்தே 1927ல் 'ரோமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி' என்ற முழுநீள ஆவணப்படத்தை உருவாக்கினார். ஜார் மன்னர் தன் பெருமைக்காக எடுத்துவைத்த காட்சிகள், வரிசை மாறியதும் அவருக்கே எதிரான சாட்சியாகிவிட்டன.

இதில்தான் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. வெட்டி ஒட்டினால் அர்த்தம் மாறும் என்பது மாணவருக்குப் பாடம், பிரச்சாரகருக்கு ஆயுதம். இன்று வாட்ஸ்அப்பில் வரும் முப்பது விநாடி வீடியோவில் ஒரு தலைவர் சிரிக்கிறார், அடுத்த துண்டில் எரியும் வீடு. அவர் எதைப் பார்த்துச் சிரித்தார் என்று நமக்குத் தெரியாது. நூறு வருடத்துக்கு முன் மாஸ்கோ மாணவர்கள் தெரிந்தே செய்து பார்த்ததை இப்போது நம்மேல் தெரியாமல் செய்கிறார்கள்.

சினிமா படிக்க விரும்பும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு யோசனை. பிடித்த படத்தில் மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுங்கள். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிறகு நோட்டில் ஷாட் எண், எத்தனை விநாடி, கேமரா தூரமா பக்கமா, திரையில் இருப்பவர் எங்கே பார்க்கிறார் என்று நாலு பத்தி போட்டு எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஏதாவது ஒரு ஷாட்டை மனதில் இடம் மாற்றிப் பாருங்கள், கதை மாறுகிறதா என்று. ஒரு மணி நேர வேலைதான். பிலிமும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம்.