வாடைக்கடலும் கண்ணாடித் தகடும்

கார்த்திகை பிறந்தால் திருகோணமலைக்கு இரண்டு கடல். உள்துறைமுகம் அசையாமல் கிடக்கும். கோட்டைக்கு வெளியே, டச்சுக்குடாப் பக்கம், வாடைக்காற்றில் திரை எழுந்து கரையை அறையும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் கண்வைத்தது அந்த அசையாத தண்ணீரில்தான். கமராவும் அந்தப் பக்கமே பார்த்தது. நான் பார்த்த பழைய படங்களில் கப்பல் இருக்கும், கோட்டை இருக்கும், சுவாமி மலை இருக்கும். வாடைக்கடலை மட்டும் காணக் கிடைத்ததில்லை.

அலையைப் பிடிக்க அன்றைய தகட்டுக்கு வேகம் போதாது. 1851இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். இருட்டுக் கூடாரத்தையும் கூடவே சுமக்க வேண்டும். பெரிய தகடென்றால் பல வினாடி ஒளி கேட்கும். 1870 அளவில் ஜோசப் லோட்டன் அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் அப்படித்தான் படமாக்கினார். கல் அசையாது, காத்திருக்கும். அலை எங்கே காத்திருக்கும்? தகட்டில் அது வெறும் வெள்ளைப் புகையாகத்தான் விழும்.

ஆனாலும் பிரான்சில் குஸ்தாவ் லு கிரே 1850களிலேயே அலையைப் பிடித்துக் காட்டினார். கடலுக்கொன்று, வானத்துக்கொன்று என இரண்டு நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டதும் உண்டு. கணினியில் நாங்கள் இன்று செய்யும் ஒட்டுவேலைக்கு அவர்தான் மூத்தவர். 1870களின் இறுதியில் உலர்தகடு பரவியபிறகு, வினாடியின் சிறு பங்கிலேயே படம் விழத் தொடங்கியது.

அதற்குப் பிறகும் எங்கள் கடல் பேர்பெற்றது அலையால் அல்ல, ஆழத்தால். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் மூழ்கி, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே கிளார்க்கின் புத்தகம் வந்தது. ஆனால் கச்சான் வீசும் மாதங்களில்தான் கிழக்குக் கடல் தெளியும். மூழ்குகிறவர்களுக்கு அதுவே பருவம். வாடைக்கடல் அப்போதும் விடுபட்டது. பிறகு போர். கோட்டைப் பக்கம் கமராவை வெளியே எடுப்பதே வில்லங்கம்; என்னைப் போன்ற படப்பிடிப்பாளர்கள் கலியாண வீட்டோடு நின்றுகொண்டோம்.

இப்போது மாரியில் விடியுமுன் டச்சுக்குடாவுக்குப் போகிறேன். முக்காலியை மணலில் ஆழ ஊன்ற வேண்டும். திரை வடியும்போது காலடி மணலையும் இழுத்துப் போகும். உப்புத் தூவல் நிற்காது. ஒரு படத்துக்கு ஒருதரம் வில்லையைத் துடைக்க வேண்டும். மேகம் மூடியிருப்பதால் வடிகட்டி இல்லாமலே அரை வினாடி கிடைக்கும்.

கறுப்பு வடிகட்டி போட்டு முப்பது வினாடி திறந்து வைப்பது இப்போது மோஸ்தர். அப்படி எடுத்த படமொன்றைக் கரைவலை இழுக்கும் ஒரு பெரியவருக்குக் காட்டினேன்.

“இதென்ன தம்பி, கடலை அயன் பண்ணி வைச்சிருக்கிறாய்?” என்றார்.

அவர் சொன்னது சரி. முப்பது வினாடியில் டச்சுக்குடாவும் உள்துறைமுகமாகிவிடுகிறது. ஆயிரத்திலொரு பங்கில் எடுத்தாலோ ஒவ்வொரு துளியும் தெரியும், காற்று தெரியாது. திரை திரும்பி ஓடும் நேரம் பார்த்துக் கால் வினாடிக்கும் அரை வினாடிக்கும் நடுவில் எடுத்தால், நுரை கோடுகோடாக இழுபடும். தண்ணீர் எந்தப் பக்கம் இழுத்தது என்பது படத்தில் நிற்கும். இந்தக் கரையில் வள்ளம் தள்ளுகிறவன் முதலில் பார்ப்பதும் அந்த இழுவையைத்தான்.

லோட்டன் காலத்தவருக்குப் பெரும்பாலும் வேறு வழி இருக்கவில்லை. தகடு சொன்னதைக் கேட்டார்கள். எங்களுக்கு எல்லா வேகமும் கைக்குள் இருக்கிறது. அதனால் கடலை மழுப்பிவிட்டுத் தகட்டின் மேல் பழிபோட எங்களால் முடியாது.