பூஞ்சை நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள்

தானியத்திலும் எண்ணெய் வித்துகளிலும் சேரும் பூஞ்சை நஞ்சை நுண்ணுயிர்களைக் கொண்டு நீக்கும் ஆய்வு, 1960இல் இங்கிலாந்தில் நேர்ந்த ஒரு பேரிழப்பை அடுத்துத் தொடங்கியது. அங்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் மடிந்தன. காரணம் புரியாததால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயரிட்டார்கள். பிரேசிலிலிருந்து தீவனத்துக்காக வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை நஞ்சு சுரந்திருந்தது பின்னர் தெரியவந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

பூஞ்சை செத்த பிறகும் அதன் நஞ்சு தானியத்திலேயே தங்கிவிடும். சமையல் வெப்பத்திலும் முழுதாக அழியாது. அம்மோனியா போன்ற வேதிப்பொருள்கள் அதைச் சிதைத்தாலும் தீவனத்தின் தரம் குறையும். அதனால் ஆய்வாளர்களின் கவனம் நுண்ணுயிர்கள் பக்கம் திரும்பியது.

அமெரிக்க வேளாண்துறையின் பியோரியா ஆய்வகத்தில் அலெக்ஸ் சீக்லரும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ 1,000 நுண்ணுயிர்களைச் சோதித்தனர். ஃபிளேவோபாக்டீரியம் ஆரன்டியாக்கம் என்ற பாக்டீரியா கரைசலிலிருந்து அஃப்ளடாக்சினை மீளாதபடி நீக்கியதை 1966இல் வெளியிட்டனர். பால், எண்ணெய், நிலக்கடலை, மக்காச்சோளம் ஆகியவற்றிலும் அது பலித்தது. நஞ்சு நீங்கிய கரைசலை வாத்துக் குஞ்சுகளிடம் சோதித்து, புதிய நச்சுப்பொருள் எதுவும் உருவாகவில்லை என்பதையும் உறுதிசெய்தனர். ஒரு நஞ்சு மறைந்தால் மட்டும் போதாது, அதன் இடத்தில் வருவதும் தீங்கற்றதாக இருக்க வேண்டும் என்ற அளவுகோலை இத்துறை தொடக்கத்திலேயே ஏற்றது. எனினும் அந்த பாக்டீரியாவின் ஆரஞ்சு நிறமி உணவில் ஏறியதால் அது நடைமுறைக்கு வரவில்லை.

அடுத்த வழியை அசைபோடும் விலங்குகள் காட்டின. கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் ஃபியூசேரியம் பூஞ்சை உண்டாக்கும் டிஆக்சிநிவலினால் என்ற நஞ்சு தீவனத்தில் கலந்தால் பன்றிகள் வாந்தியெடுக்கும், தீனியை ஒதுக்கும். மாடுகளோ அதைப் பெரிதும் தாங்கிக்கொள்கின்றன. இரைப்பையின் முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் நஞ்சு உடலில் சேருமுன்பே அதை மாற்றிவிடுவதே காரணம். நஞ்சின் வீரியம் அதன் மூலக்கூறிலுள்ள எபாக்சைடு வளையத்தில் இருக்கிறது. அதிலுள்ள ஆக்சிஜன் நீங்கினால் வீரியம் வெகுவாகத் தணியும். 1990களில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் மாட்டின் இரைப்பைச் சாற்றிலிருந்து இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். பிபிஎஸ்எச் 797 என்ற அந்த இனத்தைப் பன்றித் தீவனத்தில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் அனுமதித்தது. 2004இல் விவரிக்கப்பட்ட டிரைக்கோஸ்போரான் மைக்கோடாக்சினிவோரன்ஸ் என்ற ஈஸ்ட், கரையானின் குடலில் கிடைத்தது. அது ஓக்ராடாக்சின், ஜியரலினோன் என்ற வேறு இரு பூஞ்சை நஞ்சுகளைச் சிதைக்கிறது.

இதற்கிடையே வேறொரு முறையும் பரவியது. 1998இல் பின்லாந்தில் நடந்த ஆய்வுகள், லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் போன்ற பாக்டீரியாக்கள் அஃப்ளடாக்சினைத் தம் செல்சுவரில் பற்றிக்கொள்வதைக் காட்டின. வெப்பத்தால் கொல்லப்பட்ட செல்களும் இவ்வாறே பற்றின. ஆனால் இங்கே நஞ்சு சிதைவதில்லை. ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி மீண்டும் பிரியக்கூடும்.

உயிருள்ள நுண்ணுயிருக்குப் பதிலாக அதன் நொதியை மட்டும் தருவது அடுத்த கட்டம். 1988இல் தென்னாப்பிரிக்காவில் கண்டறியப்பட்ட ஃபுமோனிசின், மக்காச்சோளம் தின்னும் குதிரைகளின் மூளையைச் சிதைக்கும் நஞ்சு. ஸ்ஃபிங்கோபிக்சிஸ் என்ற பாக்டீரியாவின் எஸ்டரேஸ் நொதி அந்த மூலக்கூறின் இரு பக்கக் கிளைகளையும் வெட்டிவிடுகிறது. எஞ்சுவதற்கு நச்சுத்தன்மை மிகக் குறைவு. மரபணு மாற்றிய ஈஸ்ட்டில் தயாராகும் இந்த நொதிக்கு 2014இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது.

இந்த நொதிகள் குறிப்பிட்ட வேதிப்பிணைப்பை மட்டுமே தாக்குபவை. ஃபுமோனிசினை வெட்டுவது அஃப்ளடாக்சினைத் தொடாது. ஒரே தானியக் குவியலில் பல நஞ்சுகள் சேர்ந்திருப்பதும் வழக்கம். ஆகவே அறுவடையானதும் நன்றாக உலர்த்துவதும் ஈரம் படாமல் சேமிப்பதுமே முதல் காப்பு. நுண்ணுயிர் முறைகள் அதையும் மீறித் தங்கும் நஞ்சுக்கான இரண்டாம் காப்பு.