களரி

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் உள்ள ஊர்களில் கூத்தாடும் இடத்துக்கு வழங்கும் பெயர் களரி. களம் என்னும் பழஞ்சொல்லின் உறவான இது, அவை, ஆடுமிடம், போர்ப் பயிற்சிக்கூடம் எனப் பல அர்த்தங்களில் பிரயோகமாயினும், கூடுவதற்கென வகுத்த வெளி என்பதே அவற்றின் பொதுக்கருத்து. மலையாளத்தில் இன்றும் கம்பும் வாளும் பழகும் கூடம் களரியே.

இங்கோ, மண்ணை வட்டமாக உயர்த்தி, சுற்றிலும் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டி, மத்தளத்தோடு கூத்தாசிரியரான அண்ணாவியார் நடுவே நிற்க, கூத்தர் அவரைச் சுற்றி ஆட, சபையோர் நாற்புறமும் அமர்ந்து விடியுமட்டும் காண்பதே வட்டக்களரியின் சம்பிரதாயம். ஆடுவோர்க்கு அவரவர் பாடத்தை வழங்கும் சட்டங்கொடுத்தல் முடித்து, பல மாதம் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்த (ஒத்திகை முடித்த) பின்னரே அரங்கேற்றம் நிகழும். வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துக்கும் களரி ஒன்றே.

1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளைச் சுருங்கிய வடிவில், மேனாட்டு பாலே நடனத்துக்குரியது போன்ற ஒருமுகப் படச்சட்ட மேடையில் ஏற்றியபோது, விடியவிடிய ஆடியது சிறுபொழுதில் அடங்கிற்று. நகரத்தாரும் இக்கலையின் மகிமையை உணர்ந்தனர். அந்நன்மையைப் போற்றும் நாம், ஆடுவோரையும் காண்போரையும் ஒரே வட்டத்தில் இணைக்கும் களரியையும் அழியாது காத்தல் கடனாகும்.